நாற்பது நாள் தண்ணீர்

பர்காவில் என் வேலை
கடலை நம்பாமல் இருப்பது.
மணிக்கொரு தரம் குப்பியில் பிடித்து,
சவ்வுகளைத் தாண்டி வந்த நீரில்
இன்னும் எவ்வளவு உப்பு ஒளிந்திருக்கிறதென்று
எழுதிக் கையெழுத்திட வேண்டும்.
இரவுப் பணி முடிந்தால் விரலெல்லாம் குளோரின்.
குடிக்கிற டீயிலும் அதே வாசம்.

அதனால்தானோ என்னவோ
தண்ணீரே வேண்டாம் என்கிற செடிமேல் ஆசை வந்தது.
சீப் போகும் சாலையோர நர்சரியில்
ஷொஃபிகுல் தூக்கிக் காட்டினான்: சால்வியா.
சாம்பல் பூசிய இலை, தொட்டால் பூனைக்காது.
தண்டு உருண்டையில்லை, சதுரம்.
துளசிக்குத் தூரத்துச் சொந்தம்.
கசக்கி முகர்ந்தேன்:
கற்பூரம், மிளகு, கொஞ்சம் மருந்துக்கடை.
"பானி கம்" என்றான் இரண்டு முறை.
மூன்றாவது முறை விரலையும் ஆட்டினான்.
ஒன்றரை ரியால்.

ஏ.சி. சொட்டும் மூலை புதினாவுக்கு.
இதற்கு மேற்குச் சுவரோரம்
பாதி மணல், பாதி ஜல்லி.
கார்த்திகையில் பூத்தது,
மேலுதடு சிறுத்துக் கீழுதடு பிதுங்கி
கோபித்துக்கொண்ட பிள்ளைகள் வரிசையாய் நிற்பது மாதிரி,
நீலமாய்.

ஆடியில் ஊருக்குப் போனோம்.
சாவி எதிர்வீட்டு நெய்னாவிடம்.
வாரம் ஒரு குவளை போதும் என்று சொன்னேன்.
சொன்னதாகத்தான் நினைவு.
காலையில் ஒரு படம், மாலையில் ஒரு படம்:
பச்சைக் குழாய், நனைந்த மண்,
ஓரத்தில் அவர் கட்டைவிரல்.
"செடிக்கு ஆச்சு மேடம்."
இந்த வெயிலில் யார் செய்வார் இப்படி என்று
ரெமிஜியுஸ் உருகிப் போனார்.
நானும்தான்.
போதும் என்று எழுத வாய்வரவில்லை,
அவ்வளவு அக்கறைக்கு எப்படிச் சொல்வது.

திரும்பி வந்து இழுத்தேன்.
எதிர்ப்பே இல்லாமல் வந்தது.
வேர் கூழாகிச் சாக்கடை நாற்றம்.
தாகத்துக்குச் சாகாத ஒன்று
பாலைவனத்தில் மூழ்கிச் செத்திருந்தது.
"வெயில் ஜாஸ்தி" என்றேன் நெய்னாவிடம்.
தலையாட்டினார்.
சாவியை அவர் தரவில்லை, நான் கேட்கவுமில்லை.

ஷொஃபிகுல் சிரித்தான்,
இரண்டாவது செடிக்கு அரை ரியால் குறைத்தான்.
இந்தத் தடவை கவனிக்காமல் இருக்கப் பழகினேன்.
சுலபமில்லை.
குழாயை எடுத்துக்கொண்டு கிளம்புவேன்,
புதினா வரைக்கும் போய்
அங்கேயே நின்று திரும்புவேன்.
தை பிறந்ததும் ஒரு தேன்சிட்டு வந்தது.
கறுப்பா ஊதாவா என்பதை
நிமிடத்துக்கு நிமிடம் வெயில் மாற்றிச் சொன்னது.

மாசியில் நெய்னா வந்தார், கையில் சாவி.
துக்மில் வேலை கிடைச்சிடுச்சு என்றார்.
கிடைத்துவிட்டதா? ஏன், இருந்ததே?

செடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:
"போன ஜூன்லயே கம்பெனில நிறுத்திட்டாங்க.
கீழக்கரைக்குக்கூட சொல்லல.
காலையில சட்டை மாட்டிக் கதவைத் திறக்க
ஏதாச்சும் ஒண்ணு வேணும்ல மேடம்.
சாயங்காலமும் வேணும்."
கொஞ்சம் நிறுத்தி,
"நான்தானே கொன்னேன்?"

"வெயில்" என்றேன் மறுபடியும்,
மணிக்கொரு தரம்
உள்ளதை உள்ளபடி எழுதுகிறவள்.

கணுவுக்குக் கீழே சாய்த்து வெட்டி
அடியிலைகளைக் கிள்ளி
ஈரத்தாளில் சுற்றிக் கொடுத்தேன் ஒரு குச்சியை.
குழந்தையை வாங்குவதுபோல் இரண்டு கையால் வாங்கினார்.

பங்குனி கடைசியில் படம் வந்தது.
பழைய பெயிண்ட் வாளி, வெடித்த மண்,
நடுவில் நாலே இலை, புதுசு.
"தண்ணி விடவே இல்ல மேடம்."

படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன்.
வாளிக்குப் பின்னால்,
பாதி மறைந்து,
விளிம்பு வரைக்கும் நிறைந்த
ஒரு மக்.